ஃபுஞ்சாலுக்கு விழுந்த வாக்கு

கிணற்றின் அடியிலிருந்து கடைசி வாளிச் சேற்றை அனுப்பிவிட்டுத் தம்பையா மேலே ஏறி வந்தபோது, கிணற்றுக்கட்டில் வைத்திருந்த போன் மூன்று தரம் கிணுங்கி ஓய்ந்திருந்தது. வாளியை இழுத்துக் கை கன்றிப்போன சத்தியபாமா, "எடுத்துப் பாருங்கோவன், உங்கட சுவிஸ்காரர்தான்" என்றாள்.

கிணறும் அவர்களுடையதல்ல, வீடும் அவர்களுடையதல்ல. புங்குடுதீவில் அந்த வளவும் கல்வீடும் பவதாரணி அக்காவுக்குச் சீதனமாக வந்தவை. அக்கா சுவிஸ் போய் முப்பத்துமூன்று வருடம். வளவின் பின்மூலையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு, பத்தொன்பது வருடமாக அந்த வீட்டைப் பார்த்து வருகிறவர்கள் தம்பையாவும் சத்தியபாமாவும்தான். விளக்கேற்றுவது, கூட்டுவது, மாடு புகாமல் வேலி அடைப்பது. மிச்சப் பொழுதுக்குக் குறிகட்டுவான் துறையில் மூட்டை ஏற்றி இறக்குவது. ஐம்பத்தெட்டு வயது முதுகு போதும், போதும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

பங்குனியில் அரசாங்க வீட்டுத்திட்டப் பட்டியலில் தம்பையாவின் பெயர் வந்தது. கிராம அலுவலரான விதானையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஆவணி முடிய முன்னம் காணி உறுதி உம்மட பேரிலை இருக்கோணும். இல்லாட்டி வீடு அடுத்த பேருக்குப் போகும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

அன்றைக்கே அக்காவுக்குச் சொல்லியாகிவிட்டது. கொட்டில் நிற்கிற மூலையில் இரண்டு பரப்புக் காணி எழுதித் தருவதாக அவர்தான் முன்னமே வாக்குக் கொடுத்தவர். "ஆடிக்கு வாறம் தம்பையா. நானே நொத்தாரிசிட்டை வந்து கையெழுத்து வைப்பன். எனக்காகக் கையெழுத்து வைக்கச் சொல்லி ஒருத்தனுக்கு அற்றோணி குடுத்து கொழும்பிலை ஒரு காணி பறிகுடுத்தனான், இனி அந்தச் சோலியே வேண்டாம்" என்றார். அதற்காகத்தான் சுவருக்கு வெள்ளை அடித்தது, கதிரை போல இருந்து போகிற கக்கூசு பூட்டியது, இப்போது கிணறு இறைத்தது.

தம்பையா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனைத் திறந்தார். அவருக்கு எழுத்து வந்தது முப்பத்தைந்தாவது வயதில். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது, நிவாரணக் கடைக்காரன் மை டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக, முதலாம் வகுப்புப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி எழுத்துக் கூட்டியவர். இன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத்தான் படிப்பார்.

குடும்பக் குறூப்பில் அக்காவின் மகன் சுஜிதன் வாக்கெடுப்பு ஒன்று போட்டிருந்தான். ஆடி விடுமுறைக்கு எங்கே போவது? முதலாவது, புங்குடுதீவு. இரண்டாவது, ஃபுஞ்சால். வீட்டுப் படங்கள் அனுப்புவதற்காகத் தம்பையாவையும் அந்தக் குறூப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

"ஃபுஞ்சால் எண்டால் என்னப்பா? தின்னுற சாமானே?" என்றாள் சத்தியபாமா.

"போத்துக்கல்காரற்றை தீவாம். அதிலை ஒரு பட்டினம்."

"அவங்கள் இஞ்சை வந்து கோட்டை கட்டிப்போட்டுப் போனவங்கள். இவை அங்கை போய் என்னத்தைக் கட்டப் போயினம்?"

கீழே படங்கள் கிடந்தன. கடலிலிருந்து மலைக்கு ஏறும் சிவப்பு ஓட்டு வீடுகள், மதில் நிறையப் பூ. ஒரு படத்தில் பெரிய கூடைபோன்ற ஆசனத்தில் இரண்டு வெள்ளைக்காரர் இருக்க, வெள்ளை உடுப்பும் ஓலைத்தொப்பியும் போட்ட இரண்டு பேர் பின்னால் நின்று அதைச் சரிவு றோட்டில் வழுக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 'இவர்களின் சப்பாத்துத்தான் பிறேக்' என்று சுஜிதன் எழுதியிருந்தான். தம்பையா பூவைப் பார்க்கவில்லை. அந்தச் சப்பாத்துகள் எத்தனை நாளுக்குத் தாங்கும், தேய்ந்தால் யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்று யோசித்தார்.

"கடகத்துக்கை ஆக்களை இருத்தி இழுக்கிறதைப் பாக்கத்தான் இவ்வளவு தூரமோ? இஞ்சை வரச் சொல்லுங்கோ. இந்தச் சேத்து வாளிக்கை இருத்தி நானே கிணத்துக்கை இறக்கிவிடுறன்" என்றாள் சத்தியபாமா.

அவர் சிரித்து முடியவில்லை, போன் அடித்தது. அக்கா.

"தம்பையா, எப்பிடி இருக்கிறீர்?"

"இருக்கிறம் அக்கா. கிணறு இறைச்சாச்சு. ஊத்து நல்லா வருது."

"நல்லது, நல்லது. இஞ்சை ஒரே சண்டை. ஆறுக்கு ஆறு நிக்குது. பிள்ளையளுக்கு வெயில் ஒத்துவராதாம், நுளம்புக் கடியாம். எனக்கெண்டால் ரெண்டும் ஒண்டுதான். நீரும் எங்கட வீட்டு ஆள்தானே, நீர் சொல்லும். எங்கை போவம்?"

சத்தியபாமா எதிரில் நின்று, சுட்டுவிரலால் நிலத்தைக் குத்திக் குத்திக் காட்டினாள். இஞ்சை, இஞ்சை.

தம்பையாவுக்கும் அதுதான் தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த வளவில் அவருக்கொரு பழக்கம் இருந்தது. அங்கே வேலைக்கு நின்ற அவருடைய தகப்பனுக்கும் அது இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று முதல் தரம் கேட்டால், வேண்டாம் என்பார்கள். இரண்டாந்தரம் கேட்டால், உங்களுக்கேன் கரைச்சல் என்பார்கள். மூன்றாந்தரம் கேட்டபிறகுதான் குந்துவார்கள். கேட்டவுடன் ஓம் என்கிறவன் அவாப்பட்டவன். அக்காவின் தாயும் அதை அறிந்தவர், மூன்று தரம் கேட்காமல் ஒருநாளும் விட்டவரல்ல. அக்காவும் அந்தக் குசினி வாசலில் நின்று கேட்டு வளர்ந்தவர்தான்.

"அது உங்கட விருப்பம்தானே அக்கா. எங்கை வசதியோ அங்கை போங்கோ" என்றார். சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்காகக் காத்து நின்றார்.

அங்கே கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது.

"நீர் நல்ல மனுசன் தம்பையா. பிள்ளையள் துள்ளப் போகுதுகள். அப்ப அந்த ரெண்டாவதிலை ஒருக்கா அமத்திவிடும், கணக்கு முடியட்டும்."

போன் வைத்தாகிவிட்டது. தம்பையா சேறு காயாத பெருவிரலை இரண்டாவது வரியில் வைத்து அமத்தினார். ஏழுக்கு ஆறு. ஒரு நிமிடத்துக்குள் கைதட்டுகிற கைகளும் வெடிக்கிற பட்டாசுகளுமாகக் குறூப் நிறைந்தது. 'ஊரிலை இருக்கிற ஆளே ஊர் வேண்டாமெண்டிட்டார்' என்று ஒருவர் எழுதினார்.

"வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே கிடந்தது?" என்றாள் சத்தியபாமா.

மூன்று நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, நாலாம் நாள் தம்பையா தானே எடுத்தார். "அக்கா, நீங்கள் வந்தால்தான் அந்த உறுதி... விதானையார் ஆவணி எண்டு..."

"ஐயோ, ரிக்கற் எல்லாம் போட்டாச்சே! இதை முதலே சொல்லியிருக்கலாமே. நான் வாய்விட்டுக் கேட்டனானெல்லே?"

"பங்குனியிலை சொன்னனான் அக்கா" என்றார். அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வாற வருசம் கட்டாயம். காணி எங்கை ஓடப் போகுது? அதை விடும், கொழும்பிலை இருந்து இஞ்சை ஒரு ஆள் வருது. நல்ல ஒடியல்மா ரெண்டு கிலோ இடிச்சுக் குடுத்துவிடும். ஃபுஞ்சாலிலை குசினியோடை வீடு எடுத்திருக்கிறம். பிள்ளையளுக்கு எங்கட கூழைக் காட்டவேணும்."

காயவைத்த பனங்கிழங்கு ஒடியலை இடித்தது சத்தியபாமா. உலக்கை விழுந்த விழுகையில் கொட்டில் தகரம் அதிர்ந்தது. "இடிக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோவன், அந்த வாயாலை" என்றாள். அவர் மாவை அரித்து, பொட்டலம் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

ஆவணிவரை எல்லாம் பொறுக்கவில்லை. உறுதிக்கு வழியில்லை என்று எழுதித் தரும்படி விதானையார் ஆடியிலேயே கேட்டார். தம்பையா தன் கையால், கோணல் எழுத்தில், எழுதிக் கொடுத்தார். "எழுத்து வடிவாயிருக்கே" என்றார் விதானையார். வீடு அடுத்த பேருக்குப் போனது.

அன்று பின்னேரம் துறையிலிருந்து வந்து கிணற்றுக்கட்டில் இருந்து போனைத் திறந்தார். சிவப்பு ஓடுகள், கடல், கூடைக்குள் அக்காவும் சுஜிதனும், பின்னால் சப்பாத்துத் தேய இரண்டு பேர். 'எங்கட ஊர் மாதிரியே இருக்குது தம்பையா' என்று அக்கா எழுதியிருந்தார்.

தம்பையா படங்களைத் தள்ளித் தள்ளிப் பழைய வாக்கெடுப்புக்குப் போனார். தன் வாக்கை மாற்றி, முதலாவது வரியில் பெருவிரலை வைத்தார். புங்குடுதீவு ஏழு, ஃபுஞ்சால் ஆறு. சற்று நேரத்தில், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. சுஜிதன். 'அண்ணை, இப்பதான் நித்திரையாலை எழும்பினீங்களோ?'

அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தார். 'தம்பையா, கூழ் அடுப்பிலை. எல்லாம் மறந்து போச்சு. ஒடியல்மாவை ஊறவிட்டு அந்தத் தண்ணியை வடிக்கவேணுமோ, அப்பிடியே போடலாமோ? கெதியாச் சொல்லும்.'

வடிக்காவிட்டால் கைப்பு நாக்கில் நிற்கும், ஒருவராலும் வாயில் வைக்க ஏலாது. தீவில் அது தெரியாத ஆள் கிடையாது.

தம்பையா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து அமத்தினார்.

'உங்கட விருப்பம் அக்கா.'

பிறகு போனைக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது இரண்டாந்தரம் கிணுங்கவில்லை.