பதினாறும் சிவப்பு

சாஃப்ட்வேரில் ஒரு பீமை வரைந்தால், இரண்டு முனையும் தூணோடு இறுகியிருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். எங்கள் வரைபடத்தில் பீமைத் தூணோடு பிடிப்பது ஒரு தகடும் மூன்று போல்ட்டும். பாரம் ஏறினால் முனை திரும்பும். அதைச் சொல்ல முனைகளில் ‘ரிலீஸ்’ கொடுக்க வேண்டும்.

என் மனைவி கொடுத்திருந்தாள். பள்ளிக்கூட மாடி ஹால், முந்நூறு பிள்ளைகள் நிற்கும் இடம். மாடலை முடித்த பதினோராம் நாள் இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு.

நான்கு மாதம் கழித்து இன்று காலை அந்த ஃபைலைத் திறந்தேன். ஒரு ரிலீஸும் இல்லை. பதினாறு பீமும் பச்சை, 0.92. ஒன்றைத் தாண்டினால் சிவப்பு, பீம் பாரம் தாங்காது. கடைசியாகச் சேமித்தது அவள் போன மூன்றாம் வாரம்.

மச்சான் அறைக்குப் போனேன். அவளுடைய அண்ணன். ஆபீஸும் அவருடையது.

“ரிலீஸை யார் எடுத்தது?”

“நான்தான். பெரிய சைஸ் போடணும்னு அடம் பிடிச்சா. இரும்பு ஏற்கெனவே வாங்கியாச்சு, மாப்பிள்ளை.”

“மூணு போல்ட்டை நம்பியா?”

“கொஞ்சம்கூடவா பிடிக்காது? உங்க ரெண்டு பேருக்கும் எப்பவும் புத்தகம்தான்.”

“இடிஞ்சா யார் பதில் சொல்றது?”

அவர் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைத் தட்டினார். ‘மாடல் செய்தவர்’ என்ற இடத்தில் அவள் பேர்.

“அவளுக்கு இனிமே என்ன வரப்போகுது?”

“உங்க தங்கச்சி.”

“அதான் சொல்றேன். எங்க வீட்டுப் பொண்ணு, எங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டா.”

அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

இருக்கைக்கு வந்தேன். முப்பத்திரண்டு முனை. மொத்தமாகத் தேர்வு செய்யலாம். ஒவ்வொன்றாக ரிலீஸ் போட்டேன். ரன் கொடுத்தேன். பதினாறும் சிவப்பு, 1.38.

போனில் அவளுடைய பழைய மெசேஜைத் தேடினேன். ‘1.38. அண்ணன் குதிக்கப் போறான். வந்து வேடிக்கை பாரு.’

ரிப்போர்ட்டில் அவள் பேரை அப்படியே விட்டேன். ‘சரிபார்த்தவர்’ கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பேரை அடித்தேன். மச்சான் மாற்றியது, நான் திருத்தியது, இரண்டு ஃபைலையும் தேதிகளோடு பள்ளிக்கூடத்தின் இன்ஜினியருக்கு அனுப்பினேன். நகல் மச்சானுக்கு.

இரண்டு நிமிடத்தில் வந்து நின்றார்.

“இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவீங்க?”

“வர மாட்டேன்” என்றேன். “அந்த ஹால் திறந்தா நீங்க போவீங்களா? நடுவுல போய் நில்லுங்க மச்சான். நான் வேடிக்கை பார்க்கிறேன்.”

பையை எடுத்துக்கொண்டேன். அவளுடைய ஸ்கேலையும்.