கிளட்ச் இல்லாத கார்

பட்டறையில் அவருக்குப் பெயர் சின்னவர். வயது ஐம்பத்திரண்டு ஆகி, தலை பாதி வெளுத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பெரியவர் என்று ஒருவர் இருந்ததால் வந்த பெயர் அது. அந்தப் பெரியவர், அவருடைய கூடப்பிறந்த அண்ணன், பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் மூன்று வருடம் ஆகிவிட்டது.

இருவரும் இருபத்தைந்து வருடம் சேர்ந்து பழைய கார்களைப் பழுது பார்த்தவர்கள். என்ஜின் பெரியவர் பாடு. ஒயரிங், விளக்கு, மீட்டர் எல்லாம் சின்னவர் பாடு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைத்ததில்லை. சண்டை வந்தது ஒரு சிவப்புக் காரால். அதன் என்ஜின் பிளாக்கில் நீளமாக ஒரு விரிசல். மாற்று பிளாக் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. என்ஜினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் ஓட்டிவிடலாம் என்றார் சின்னவர். சும்மா சொல்லவில்லை, ஒரு வருடம் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் சொன்னார். காரின் சொந்தக்காரரும் தலையாட்டிவிட்டார்.

"காருக்குள்ள டார்ச் லைட்டைச் சொருகி ஓட்டப்போறியா?" என்றார் பெரியவர். "அதுக்கு அந்த ஆளுக்குச் சாவி குடுத்தா ஓடுற பொம்மை ஒண்ணு வாங்கிக் குடு."

"அது இனிமே ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அண்ணே."

"ஓடலைன்னா நிக்கட்டும். நிக்கிறதுக்கும் ஒரு மரியாதை இருக்கு."

மறுநாள் காலையில் சின்னவர் செயினைப் போட்டு அந்த என்ஜினைத் தூக்கினார். அது தரையைத் தொடுவதற்குள் பெரியவர் தன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்.

சின்னவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதுவரை அண்ணன் வீட்டு மாடி அறைதான் அவருக்கு வீடு. அண்ணி கையால்தான் மூன்று வேளைச் சாப்பாடு. சண்டைக்குப் பிறகு அந்த மாடிப்படி ஏறக் கால் கூசியது. யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. பட்டறைக்கு மேலே பெயின்ட் டப்பாக்கள் அடைந்து கிடந்த அறையை ஒழித்து ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். எதிர்ப்புறத்துப் பேக்கரியில் கிடைத்ததைச் சாப்பிட்டார்.

வேலை என்னவோ தேடிக்கொண்டு வந்தது. மூன்று வருடத்தில் ஆறு கார்களை மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்று முடியும்போதும் சொந்தக்காரர் வந்து கைகுலுக்கி, காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் பட்டறையில் பேச ஆள் கிடையாது. முன்பெல்லாம் ஏதாவது ஒரு என்ஜின் இருமிக்கொண்டே இருக்கும்; அதற்கு மேல் அண்ணனின் அதட்டல் கேட்கும். இப்போது குண்டூசி விழுந்தால் எங்கே விழுந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒருநாள் வோல்ட் மீட்டரைப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்கு முகமே சரியில்ல?" என்று அவர் கேட்டது, ரொட்டி கொண்டுவந்த பேக்கரிக்காரர் காதில் விழுந்துவிட்டது.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"போன்ல."

அறையின் அந்தக் கோடியில் போன் சார்ஜில் கிடந்தது. பேக்கரிக்காரர் நல்ல மனிதர். ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்தபோது சின்னவர் மருத்துவமனைக்கு ஓடினார். பெரியவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் மணி நேரம் அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வாங்கிப்போன பழங்களை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு எட்டு மாதம் கழித்து ஒரு நண்பகலில் அண்ணி பட்டறைக்கு வந்தாள். சின்னவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காராமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெட்டி மேல் கிடந்த காய்ந்த ரொட்டியையும் பார்த்தாள்.

"தம்பி, அவருக்குக் கை சரியாயிடுச்சு. வலது கால் நல்லாவே இருக்கு. வண்டி ஓட்டலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இடது கால்தான் அழுத்தம் குடுக்க மாட்டேங்குது. கிளட்ச்சை மிதிக்க முடியல."

"ம்."

"தினம் காலையில போய் கார்ல உட்கார்றாரு. ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, அணைச்சிட்டு வந்துடறாரு. இதைப் பார்க்கவா நான் உசிரோட இருக்கேன்?"

சின்னவருக்குப் புரிந்தது. புரிந்ததும் பயமும் வந்தது. "அண்ணன் சொன்னாரா?"

"அவரு வாயைத் திறந்து சொல்லிட்டாலும்! நேத்து சாப்பிட்டு முடிச்சு, கார் சாவியை என் தட்டுப் பக்கமா நகர்த்தி வெச்சாரு. எழுந்து போயிட்டாரு. அவ்வளவுதான்." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "உனக்குப் புரியுதா, எனக்குப் புரிஞ்சது சரியா, தெரியல."

அந்தச் சாம்பல் நிறக் கார் பெரியவருக்குக் கல்யாணமான வருடம் வாங்கியது. அதன் என்ஜினை இரண்டு தடவை முழுதாகப் பிரித்துச் சேர்த்திருந்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது, சின்னவர் என்ஜின் மூடியைத் திறந்துவிட்டு வெகுநேரம் கையை வைக்காமல் நின்றார். ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. ஒவ்வொரு போல்ட் தலையிலும், முறுக்கி முடித்ததற்கு அடையாளமாக ஒரு புள்ளி வெள்ளை பெயின்ட். காகித அட்டையைக் கையால் வெட்டிப் போட்டிருந்த கேஸ்கெட்டின் ஓரத்தில் கத்தரிக்கோல் பிசகவே இல்லை. சிவப்புக் காரை அவிழ்த்தபோது ஸ்பேனர் ஒருமுறைகூட வழுக்கவில்லை. இப்போது முதல் போல்ட்டுக்கே மூன்று தடவை ஸ்பேனர் வழுக்கியது.

என்ஜின் சங்கிலியில் தொங்கிய அன்று மதியம் அண்ணி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுடப்போறான், சொல்லி வைன்னாரு," என்றாள்.

"அண்ணன் சொன்னாரா? என்னைப் பத்தியா?"

"போட்டுடப்போறான்னா வேற யாரை?"

அந்த 'போட்டுடப்போறான்'-ஐ வைத்துக்கொண்டு சின்னவர் ஒரு வாரம் ஓட்டினார். என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, இரும்புச் சட்டம் ஒன்று செய்து அதில் ஏற்றி, துணியால் மூடி வைத்தார்.

மூன்று வாரத்தில் முடிகிற வேலை ஏழு வாரம் ஆனது. மோட்டாரை கியர் பெட்டியோடு சேர்க்கும் தட்டை இரண்டு முறை லேத்தில் கடைந்தார். கிளட்ச் பெடலைக் கழற்றிவிட்டு, ஒரே கியரில் ஊர் முழுக்கச் சுற்றலாம் என்கிறபடி செய்தார். பேட்டரிகளில் கொஞ்சத்தை முன்னாலும் மீதியை டிக்கியிலும் பிரித்து வைத்தார். நடுநடுவே, "அண்ணே, இந்த இடத்துல ரப்பர் வெக்கட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவார். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, தானே ஒரு ரப்பரை எடுத்து வைப்பார்.

காரை அவரே ஓட்டிக்கொண்டு போய் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினார். என்ஜின் லாரியில் பின்னால் வந்தது. கதவு சாத்தியிருந்தது. அண்ணி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். எப்படி ஓட்டுவது, எங்கே சார்ஜ் போடுவது என்று சின்னவர் வேண்டுமென்றே சத்தமாக, உள்ளே கேட்கும்படி இரண்டு தடவை சொன்னார். "எனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம், நான் என்ன ஓட்டவா போறேன்?" என்றாள் அவள். பிறகு புரிந்துகொண்டு, "இன்னொரு தடவை சொல்லு," என்றாள். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பட்டறை வரைக்கும் நடந்தே வந்தார்.

ஒரு மாதம் போயிற்று. போன் இல்லை. கார் ஓடுகிறதா, ஷெட்டில் கிடக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை; கேட்டு இல்லை என்று வந்துவிட்டால்?

ஒருநாள் பேக்கரிக்காரர், "உங்க அண்ணன் உடம்பு நல்லா தேறிட்டாரு போல," என்றார்.

"எங்க பார்த்தீங்க?"

"எங்கயா? தினம் காலையிலயும் சாயங்காலமும் இந்த வழியாத்தானே போறாரு? உங்க வாசல் வந்ததும் கார் நடக்கிற மாதிரி ஊர்ந்து போகுமே. நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு வேலையில இருப்பீங்க. பேசிக்கிறதில்லைன்னு தெரியும், அதான் நானும் கூப்பிடல."

சின்னவர் திரும்பி வாசலைப் பார்த்தார். ஒரு மாதமாக அண்ணன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். பழைய என்ஜினாக இருந்தால் தெருமுனையிலேயே தெரிந்திருக்கும். காரை ஊமையாக்கியது சின்னவரேதானே.

அன்று மதியமே வேலை மேசையை இழுத்து வாசலைப் பார்த்தபடி போட்டார். சாயங்காலம் சாம்பல் கார் வந்தது. உள்ளே அண்ணன், இளைத்திருந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. கார் நிற்காமல் போய்விட்டது. அடுத்த நாள் இரண்டு வேளையும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இருந்ததையும் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்து, சின்னவர் மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் காலையில் கார் பட்டறைக்குள்ளேயே வந்து நின்றது. பெரியவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"பின்பக்கம் உட்காருது. டிக்கியில அவ்வளவு எடையை வெச்சா ஸ்பிரிங் என்ன ஆகும்னு தெரியாதா? ஒயரைப் பார்க்கத்தான் கண்ணா?"

"தெரியல, அண்ணே," என்றார் சின்னவர். உண்மையிலேயே அவருக்கு அது தோன்றவில்லை. அது எப்போதும் அண்ணன் பார்க்கிற வேலை.

"ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூட்டு. ரெண்டு பக்கமும்."

பெரியவர் இறங்கி ஒரு பெட்டிமேல் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சின்னவர் காருக்கு அடியில் படுத்து வேலை செய்தார். மூன்று மணி நேரம். சிவப்புக் காரைப் பற்றியோ மருத்துவமனைச் சுவரைப் பற்றியோ யாரும் பேசவில்லை. முடிந்ததும் பெரியவர் மெல்லக் குனிந்து, ஸ்பேனரை வாங்கி, ஒரு போல்ட்டைத் தளர்த்தித் தானே மறுபடி முறுக்கினார். பக்கத்துப் போல்ட்டையும் தொட்டுப் பார்த்தார். "இது சரி," என்றார்.

அண்ணன் காரில் ஏறும்போது சின்னவர் கதவைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு வருவீங்களா என்று கேட்க வாயெடுத்தார். "ஸ்பிரிங்கை ஒரு வாரம் கழிச்சு ஒருதடவை பார்த்துக்கணும்," என்றுதான் வந்தது.

"பார்ப்போம்," என்றார் பெரியவர்.

கார் சத்தமில்லாமல் தெருவில் இறங்கிப் போயிற்று. சின்னவர் அது தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து பாதியில் கிடந்த ஒரு ஒயரை எடுத்தார். அந்த ஒரு வாரத்துக்கு இன்னும் ஏழு நாள் முழுசாக இருந்தது.