கையெழுத்து இல்லாத பிரசங்கம்

விடுதியிலிருந்து வரும் படுக்கை விரிப்பு ஒன்றைத் தேய்த்து மடிக்க நாற்பது வினாடி என்பது சலவை ஆலையின் கணக்கு. பாஸ்டரம்மா முப்பதில் முடித்துவிடுவாள். மிச்சமாகும் பத்து வினாடியில் பிரசங்கம் எழுதுவாள். மேசைக்கடியில் நீராவி எட்டாத மூலையில், துணிக்கணக்கு எழுதிக் கழித்த உருப்படிச் சீட்டுகளைக் கட்டி வைத்திருந்தாள். அவற்றின் பின்பக்கத்தில், பென்சிலால். ஒரு ஞாயிற்றுக்கு அறுபது சீட்டு பிடிக்கும்.

பாஸ்டரம்மா என்றால் போதகரின் மனைவி. இவளைக் கட்டியவனோ லாரி ஓட்டியவன். அவன் போய்ச் சேர்ந்தே பன்னிரண்டு வருஷம். ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக்கூரைச் சபைக்கு வர எந்தப் போதகருக்கும் தேவ அழைப்பு கிடைக்கவில்லை. போதகர் வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை என்பதால் அழைப்பு வழியிலேயே நின்றுவிட்டது போலும். ஒன்பது வருஷமாக அங்கே பேசியவள், நோயாளியைப் பார்த்தவள், பிணத்தருகே ஜெபம் செய்தவள் எல்லாம் இவள்தான். தபால் வழியில் வேதம் படித்துப் பட்டமும் வாங்கியிருந்தாள்.

"பாஸ்டரும் நீதான், பாஸ்டர் பொண்டாட்டியும் நீதான். ஒரே சம்பளத்துல ரெண்டு ஆளு" என்று சிட்டு ஒருநாள் சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு சம்பளமும் இஸ்திரி மேசையில் வாங்கியதுதான் என்பது சிட்டுவுக்கும் தெரியும்.

ஈரத்தை உலர்த்தும் சூடான உருளை இயந்திரத்தில் விரிப்பு நுழைப்பவள் சிட்டு. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் தாயோடு உட்காருவாள். முப்பது வருஷம் அதே உருளைச் சத்தத்தில் நின்ற தாய்க்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. சபையில் பலருக்கும் அப்படித்தான். அதனால்தான் ஆலை முதலாளி ஒலிபெருக்கி வாங்கித் தந்திருந்தார். அதன் நெற்றியில் 'ஆலைக் குடும்பத்தாரின் உபயம்' என்ற பித்தளைத் தகடு, ஒலிபெருக்கியைவிடப் பளபளப்பாக இருந்தது.

போன வருஷம் பாஸ்டரம்மா, தன்னைப் போதகராக அபிஷேகம் செய்யக் கேட்டுத் திருச்சபைத் தலைமைக்கு மனுப் போட்டாள். ஏழு பேர் கொண்ட கமிட்டி வந்தது. காலையில் தொடங்கிய விவாதம், பிரசங்க பீடத்துக்கு ஏறும் ஒற்றைப் படி பீடத்தைச் சேர்ந்ததா தரையைச் சேர்ந்ததா என்ற இடத்தில் மத்தியானம் வரை நின்றது. அவள் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். சமையலில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"கல்லறை காலியா இருக்குன்னு முதல்ல வந்து சொன்னது பொம்பளைங்கதானே ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"சேதி சொல்றது வேற, போதிக்கிறது வேறம்மா" என்றார் தலைவர், பல்லைக் குத்திக்கொண்டே. "அதுவும் அவங்க சொன்னப்போ யாரும் நம்பலையே."

தீர்மானம் இப்படி வந்தது: பெண் பிரசங்கிக்கக் கூடாது, வாசிக்கலாம். படிக்குக் கீழே நின்று. அபிஷேகம் பெற்ற ஒருவர் எழுதிக் கையெழுத்திட்ட தாளை மட்டும். முடிவில் அந்தக் கையெழுத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தாளைச் சரிபார்க்கும் பொறுப்பு சபைச் செயலருக்கு. செயலர் என்பவர் ஆலையின் மேற்பார்வையாளர்.

கையெழுத்துப் போட ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் அகப்பட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஆகவே அவள் எழுதியதை வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அவளே அவருக்கு வாசித்துக் காட்டுவாள். இரண்டாம் பக்கத்தில் அவர் தூங்கிவிடுவார். ஆமென் கேட்டதும் விழித்து, பேனாவை வாங்கி, அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். நாலைந்து மாதத்தில் அவர் தெரு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"போன வாரம் நான் எழுதினது எப்படிம்மா? ஜனங்க அழுதாங்களாமே!"

"அழுதாங்க ஐயா."

"அழுவாங்க. எனக்கு அந்த வரம் உண்டு."

அந்தச் செவ்வாய்க்கிழமை உருளை சிட்டுவின் கையை இழுத்தது. விரல் நெருங்கினால் இயந்திரத்தை நிறுத்தும் தடுப்புக் கம்பி ஒன்று உண்டு. மணிக்கு இருபது விரிப்பு குறைகிறது என்று மேற்பார்வையாளர் அதைக் கழற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. தோள்வரை வெந்துபோய், வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சிட்டு இறந்தாள். அவள் கவனக்குறைவாக இருந்ததாக ஆலையின் அறிவிப்புப் பலகையில் அன்றைக்கே ஒரு தாள் ஒட்டப்பட்டது.

சிட்டுவின் தாய் பாஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு கவனமாத்தான் இருந்தா. எல்லார் முன்னாடியும் நீ சொல்லிடு. நீ சொன்னா போதும்டி" என்றாள்.

பாஸ்டரம்மா எழுதினாள். கம்பியைப் பற்றி, நாலு மாதத்தைப் பற்றி, சிட்டுவின் வாயைப் பற்றி. வெள்ளிக்கிழமை போதகர் வீட்டில் வாசித்தாள். கதவுக்குப் பின்னால் அவருடைய வெள்ளை அங்கி தொங்கியது. வாராவாரம் ஆலையில் இலவசமாக வெளுத்து, அவள் கையாலேயே தேய்த்து வருவது. இரண்டாம் பக்கம் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. கிழவர் தூங்கவில்லை.

"இது நான் எழுதினது இல்லையே" என்றார்.

"எல்லாமே நீங்க எழுதினதுதானே ஐயா?"

"எல்லாம் நான் எழுதினதுதான். இது மட்டும் இல்ல." பேனாவின் மூடியைத் தடவித் தேடி மூடினார். "கம்பி கிம்பியெல்லாம் வேதத்துல கிடையாதும்மா."

"சிட்டு பேருகூடத்தான் கிடையாது."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

சனிக்கிழமை சிட்டுவின் பெட்டி சபைக்கு வந்தது. மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விடியற்காலையில் பாஸ்டரம்மா தேய்த்திருந்தாள். ஒலிபெருக்கிப் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் கைநீட்டினார். தாளின் அடியைப் பார்த்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

"கையெழுத்து இல்லையேம்மா. சட்டம் நான் போட்டதா? ஏழு பேர் போட்டது." தன் கோப்பிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினார். "இதுல இருக்கு. இதை வாசி. சாவுல வந்து கலாட்டா வேணாம்."

இரண்டு மாதக் கதவடைப்புக்குப் பிறகு ஆலை திறந்த வாரம் அவள் எழுதியது அது. வேலைக்காக நன்றி செலுத்தும் பிரசங்கம். அன்றைக்கு மனசாரத்தான் எழுதியிருந்தாள்.

படிக்குக் கீழே நின்றாள். அவர் தந்த தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சிட்டு கவனமாத்தான்..."

டக்கென்று ஒரு சத்தம். ஒலிபெருக்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. தொண்டை நரம்பு புடைக்கக் கத்திச் சொன்னாள். கம்பியைச் சொன்னாள், நாலு மாதத்தைச் சொன்னாள். தகரக்கூரைக்கு அப்பால் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் தாய் முன்னால் சரிந்து, நல்ல காதில் கையைக் குவித்துக்கொண்டாள். பின்வரிசைகளில் ஆளாளுக்குப் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"கேக்கலடி" என்றாள் தாய். "எம் பொண்ணைப் பத்தித்தானே சொல்றே? ஒண்ணும் கேக்கல."

பாஸ்டரம்மா மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் விரல் விசையின் மேலேயே இருந்தது. முகத்தில் கோபமில்லை, ஒரு விரிப்பு மடிந்து முடியக் காத்திருப்பவரைப் போல இருந்தார். அவள் தாளைப் பிரித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நமக்கு வேலை தந்த கரங்களுக்காக நன்றி செலுத்துவோம்" என்று அவள் குரல் கூரை அதிரக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மூன்று பக்கம். முடிவில் ஆமென் சொல்லி, தீர்மானப்படி கையெழுத்தையும் வாசித்தாள்.

பெட்டியைத் தூக்க நாலு பேர் எழுந்தார்கள். தாய் எழவில்லை. காதில் குவித்த கையை எடுக்காமல், இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது என்பதுபோல், பாஸ்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.