துவைக்காத உறை

என் மகளுக்கு இரண்டரை வயது. கை சும்மா இருக்காது. மூடியைக் கண்டால் திறக்கணும், முடிச்சைக் கண்டால் அவிழ்க்கணும். நான் வீட்டிலேயே சலவைக் கடை நடத்துகிறேன்; ஊரார் அழுக்கெல்லாம் முன்னறையில் குவிந்து கிடக்கும். வந்த துணியை மோந்து பார்த்து, நாறினால் தனியாகப் போடுவது என் வழக்கம். இந்த வாண்டும் அதைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாக மோந்து, மூக்கைச் சுளித்து, "உவ்வே, இது நாத்தம்!" என்று தீர்ப்பு சொல்லும்.

இவள் அம்மா செத்துப்போன பிறகு நான் துவைக்காமல் விட்டது அவளுடைய தலையணை உறையை மட்டும்தான். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். தாங்க முடியாத நாட்களில் எடுத்து முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவள் தலைமுடியின் வாசனை இன்னும் அதில் இருந்தது.

இன்று ஒரு கறைக்காக வாடிக்கையாளரோடு வாசலில் கத்திவிட்டு, அந்தக் கடுகடுப்போடு உள்ளே வந்தேன். பிரிந்த பை தரையில் கிடந்தது. மகளுக்கு முழங்கை வரை சோப்பு நுரை. வாளிக்குள் அந்த உறை.

"சனியனே, என்னடி பண்ணித் தொலைச்ச?"

ஓங்கிய கையை அவள் பார்க்கவே இல்லை. சொட்டச் சொட்ட உறையைத் தூக்கி என் மூக்கருகே நீட்டினாள்.

"நாத்தம் போயிடுச்சுப்பா. இனிமே இதை மோந்து நீ அழ வேணாம்."

மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான்.

"நல்லா துவைச்சிருக்கடா கண்ணு," என்றேன்.