ஃப்ளோராவின் மராத்தி அண்ணன்

ஃப்ளோரா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். 1988 ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மதியம். அந்த மாதத்தில் புனேயில் பட்டாணி மலிவு, பை நிறைய வாங்கி வந்திருந்தேன். சாப்பாட்டு மேசையின் மறுபாதியில் அவள் கணவர் எட்மண்ட் தாள்களைப் பரப்பியிருந்தார். தொலி அவர் தாளில் விழும், அவர் நிமிராமலே தள்ளிவிடுவார். நான் அவளுடைய அக்கா மில்ட்ரெட். கேம்ப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தனியாள் என்பதால் அவர்களோடு இருந்தேன். அந்த வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அந்தப் பட்டாணி உரிப்புதான்.

எட்மண்ட் அரசு ஆராய்ச்சி அலுவலகத்தில் புள்ளியியல் பார்த்தவர். இரத்தத்தில் பரவும் புதிய நோய் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டதென்று பேச்சு எழுந்த சமயம். சோதனை செய்யும் மருந்துப் பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து கொஞ்சம்தான் வரும். எந்த இரத்தப் பாட்டில்களை முதலில் சோதிப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி பம்பாயில் ஒரு குழு அவரிடம் கேட்டிருந்தது. தாளில் கட்டங்கள் வரைந்திருந்தார். இரத்தத்தை விற்பவர்கள் ஒரு கட்டம், நோயாளிக்காகக் கொடுக்க வரும் சொந்தக்காரர்கள் ஒரு கட்டம், ஏற்றிக்கொள்பவர்கள் ஒரு கட்டம். இடையில் அம்புகள், அம்புக்கு ஓர் எண். விற்பவர்களின் பாட்டிலை மட்டும் சோதித்தால் போதும், கிட்டத்தட்ட எல்லாரும் தப்பிவிடுவார்கள் என்று கணக்கு சொன்னது. அவருக்கு அதில் சந்தோஷம்.

ஃப்ளோராவுக்குச் சில மாதங்களாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. டி.பி. என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"இதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?" என்றாள்.

"நீ இங்க. ரத்தம் ஏத்துனவங்க."

"எனக்கு எங்கேருந்து வந்துது?"

"சொந்தக்காரங்க கட்டத்துலேருந்து. நான்தான் குடுத்தேன்லா?"

"ஒரு பாட்டில் நீங்க. இன்னொண்ணு என் மராத்தி அண்ணன்லா குடுத்தாரு. அவரையும் இதுக்குள்ளதான் உக்கார வச்சிருக்கீங்களா?"

நானும் சிரித்தேன். அது எங்கள் வீட்டின் பழைய வேடிக்கை. இரண்டு வருடம் முன்பு மழைக்காலத்தில் அவளுக்குக் கரு கலைந்து இரத்தம் நிற்காமல் போனது. இரண்டு பாட்டில் வேண்டும், சொந்தக்காரர்கள்தான் கொடுக்கவேண்டும் என்றது ஆஸ்பத்திரி. எனக்குச் சோகை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற சொந்தமெல்லாம் சொந்த ஊரான நாசரேத்தில். வார்டு ஆள் வாசல் டீக்கடையிலிருந்து, காசுக்கு இரத்தம் கொடுக்கும் ஒருவரைக் கூட்டிவந்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா தலை நிமிராமல் "நாத்தே காய்?" என்று கேட்டார், என்ன உறவு என்று. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத எட்மண்ட், "மேஹுணா" என்றார். மைத்துனர். கொடுத்துவிட்டு வெளியே வந்த அந்த ஆள் கையை மடக்கிக்கொண்டு, "என்ன ஜீஜாஜி, மச்சானுக்கு சாய் கிடையாதா?" என்று கேட்டாராம். தீபாவளி சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பாவ்பீஜ் அன்று அண்ணன்மாருக்கு ஆரத்தி எடுக்கும்போது ஃப்ளோரா சொல்வாள், "எங்க அண்ணன் மட்டும் எட்டிப் பாக்கவே மாட்டேங்கான்க்கா."

எட்மண்டின் பென்சில் நின்றிருந்தது. சொந்தக்காரர்களின் அம்புக்கு, அந்த வழியில் நோய் வராது என்று, அவர் பூஜ்யம் போட்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் உறவு பிடித்தன, அவரே பிடித்தவர். ஆனாலும் மேசையில் உட்கார்ந்தபோது ஜன்னலில் சொல்லப்பட்ட உறவை அப்படியே நம்பிவிட்டார். எனக்குக் கணக்கு வராது. அவர் கண் தாளிலிருந்து எழுந்து ஃப்ளோராவின் துருத்திய கழுத்தெலும்பில் போய் நின்றதைப் பார்த்தேன். அவள் அடுத்த பட்டாணியை உடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் சோதித்துக்கொண்டார்கள். அவருக்கு இல்லை. அவளுக்கு இருந்தது.

பம்பாய்க் கூட்டம் மாதக் கடைசியில். பூஜ்யத்தை எடுத்துவிட்டால் கணக்கு முழுக்கச் சரிந்துவிடும், எல்லா பாட்டிலையும் சோதிக்கவேண்டிவரும். அதற்குப் பணம் இல்லையென்பார்கள், அது பூஜ்யம் இல்லையென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

"ஒரு சிநேகிதர் வீட்டுல நடந்ததுன்னு சொல்லுங்க எட்மண்ட்," என்றேன். ஃப்ளோரா எங்கள் பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். பெயர் வெளியே வந்தால் வேலை போகும், வீடு போகும், தெருவில் நடக்க முடியாது.

"கேள்விப்பட்ட கதைன்னு தள்ளிருவாங்கக்கா. பூஜ்யமே நின்னுரும்."

"அப்ப பூஜ்யம் நிக்கட்டும். இவ இருக்க வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும்."

எட்மண்டின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஃப்ளோரா, காலரைத் திருப்பிப் போட்டாள்.

"எம் பேரச் சொல்லுங்க," என்றாள். "எங்க அண்ணன் பேருதான் நமக்குத் தெரியாதே." பிறகு, "இனிஷியலோட சொல்லுங்க. வேற எவளோ ஃப்ளோரான்னு நெனச்சுரப் போறாங்க."

டெக்கான் குவீன் ரயிலில் போய் அன்றிரவே திரும்பினார். தாளை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டாராம். சேதி எங்கள் தெருவுக்கு வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளியில் அவளை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். என்னைச் சொல்லவில்லை, ஆனால் ஆசிரியர் அறையில் என் தம்ளரைத் தனியாக வைத்தார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் எதிர்பாராத விதமாக, "எங்க போவீங்க, இருங்க," என்று சொல்லிவிட்டுக் நாங்கள் தொட்ட குழாயை நன்றாகக் கழுவிப் போனாள்.

அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் ஃப்ளோரா போய்விட்டாள். சபை ஐயர் வந்து ஜெபித்தார். பெட்டி தூக்க ஆள் போதவில்லை, ஒரு பக்கம் நான் பிடித்தேன். கனமே இல்லை.

அடுத்த வருடம் அந்த ஆஸ்பத்திரியில் எல்லா பாட்டிலும் சோதிக்கப்படும் என்று பலகை வைத்தார்கள். எட்மண்டின் தாளால்தானா என்று தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளி ஆயா பவுனுக்கு ஆபரேஷன் என்றபோது, இந்த முறை என் இரத்தத்தை எடுத்துக்கொள்வார்களா என்று பார்க்கப் போனேன். அதே ஜன்னல். எனக்கு முன்னால் சட்டையில் சிமெண்ட் படிந்த ஒருவர், அவருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளைஞன்.

"நாத்தே காய்?"

சிமெண்ட் சட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார். இளைஞன் குனிந்து, "மாமா," என்றான். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

நான் வெளியே வந்தபோது சிமெண்ட் சட்டைக்காரர் மடக்கிய கையோடு வாசல் டீக்கடையில் நின்றிருந்தார். டீயை வாங்கி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான் மருமகன்.