மாத்திரையா, கத்தியா

மத்திகிரி கால்நடைப் பண்ணையில் காளைகளைப் பார்த்துக்கொள்ளும் சென்னகிருஷ்ணனுக்கு 1956 கோடையில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். மனைவி நஞ்சம்மா கூடவே இருந்து கஞ்சி ஊட்டினாள். புண் ஆறியபின் டாக்டர் மறுபடி வரச் சொன்னபோது அவர் தனியாகத்தான் போனார்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அடைப்பை எடுத்தாச்சு, பெரியவரே. ஆனா அது புற்றுநோய். இடுப்பெலும்பு வரைக்கும் போயிருக்கு. முழுசா தீர்க்க முடியாது, அடக்கி வைக்கலாம். ஆம்பளைச் சத்துதான் அதுக்குத் தீனி. விதை ரெண்டையும் எடுத்துட்டா அடங்கும். இல்லேன்னா தினம் மாத்திரை. அது பொம்பளைச் சத்து. மார் பெருக்கும், கால் வீங்கலாம்."

பண்ணையில் காயடிக்கும்போது கன்றுகளின் காலைக் கட்டிப் பிடிப்பது சென்னகிருஷ்ணனின் வேலை.

"மாத்திரையே குடுங்க சாமி."

"வீட்டுல சொல்லிடுங்க."

"சொல்றேன்."

சொல்லவில்லை. நஞ்சம்மா கேட்டதற்கு, "புண்ணு ஆற மாத்திரை" என்று முடித்துவிட்டார்.

இடுப்பு வலி மெல்லக் குறைந்தது. மழைக்காலம் வந்தபோது சட்டை உரசினாலே மார்க்காம்பு நொந்தது. பிறகு மார்பு திரண்டு வந்தது. பண்ணைத் தொட்டியில் ஆட்களோடு குளிப்பதை விட்டார். வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொண்டார். பாயைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். ஒருநாள் நஞ்சம்மா அவர் முதுகில் கை வைத்தபோது உதறித் தள்ளினார்.

"நான் என்னா தப்பு பண்ணேன்?"

"ஒன்னுமில்ல, போ."

அவள் ராயக்கோட்டையில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். ராகி அறுப்புக்கு ஒத்தாசை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள்.

சென்னகிருஷ்ணன் தானே களி கிண்டிக்கொண்டார். ஒருவருக்கு எவ்வளவு மாவு என்று கடைசிவரை பிடிபடவில்லை. பேச ஆளில்லாத வீட்டில் காலும் வீங்க ஆரம்பித்தது, நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். மிச்சம் ஒரு வழிதான்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"வெளிய இருக்காங்க," என்று பொய் சொல்லி, அறுவைக்குச் சம்மதம் என்று கைநாட்டு வைத்தார்.

அறுவைக்குப் பிறகு நாக்கு வறண்டது. அடுத்த கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கன்னடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் கன்னடம் தெரியும். ஆனாலும் அவர்களிடம் தண்ணீர் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நடக்க முடிந்ததும் பஸ் ஏறி நேரே ராயக்கோட்டைக்குப் போனார். நஞ்சம்மா களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் போருக்குப் பின்னால் அவளை அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். கம்பளியை விலக்கி மார்பையும் காட்டினார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இத்தினி நாளா தனியாவா தூக்கினு திரிஞ்சே? நான் ஒனக்கு வேணாம்னு ஆயிட்டேன்னு இல்ல நெனச்சேன்."

"ஆம்பளையா இல்லாதவன்கூட நீ எதுக்கு இருப்பேன்னு..."

"வாய மூடு," என்று அழுதாள்.

அன்றே அவரோடு கிளம்பினாள். நோய் அடங்கி, சென்னகிருஷ்ணன் சில வருஷம் வேலைக்கும் போனார். நஞ்சம்மா பழையபடி பக்கத்தில் படுத்தாள். அவள் கையை அவர் உதறவில்லை. ஆனால் அவள் தூங்கிப்போன பிறகும் அவர் விழித்தே கிடந்தார். அவளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்த அவமானம், சொன்ன பிறகும் அவரிடமே இருந்தது.