மொட்டைப் பனை நின்ற இடம்

என் அண்ணை சிவநேசனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் வவுனியாவோடு அறுந்துபோன ரயில் பாதையைத் திரும்பவும் போட்டு வருசக்கணக்காகிவிட்டது. ஊரே அதில் ஏறிக் கொழும்புக்குப் போய் வருகிறது. இந்த மனிசன் மட்டும் இடுப்பும் நாரியும் முறிய முறிய பஸ்ஸில் போவார். கேட்டால், "எனக்கு ரயில் ஒத்துவராது பிள்ளை" என்பார். அப்படிப்பட்டவர், விசா கிடைத்து சுவிசுக்கு என்னிடம் வந்த நாள் தொடக்கம், ரயில் என்றால் முதல் ஆளாய் ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொள்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று நாங்கள் ஜெனீவாவிலிருந்து ஷாஃப்ஹவுசனில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்தில் தம்பி சுபேசனின் படம், மட்டையில் ஒட்டி, துணி சுற்றி வைத்திருந்தேன்.

சுபேசன் வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாரியில் காணாமல் போனவன். அம்மாவும் அவர்கள் இருவரும் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது சனத்துக்குள் அவன் தொலைந்துவிட்டான் என்று அண்ணைதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஏதோ ஒரு சிறையிலாவது அவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் நான் இத்தனை காலமும் ஓடுகிறேன். அவனுக்குத் திவசம் செய்ய ஒருவரையும் விட்டதில்லை. ஜெனீவா ஐ.நா. முன்றலில் காணாமல் போனவர்களுக்கான கூட்டம் என்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இம்முறை அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனேன். படத்தைக் கையில் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் "கை உளையுது" என்று நிலத்தில் வைத்துவிட்டார். சொந்தத் தம்பியின் படம், ஒரு மட்டை, அது பாரமோ? சனத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சூரிச்சிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற ரயில் வழியில் கொஞ்சத் தூரம் ஜெர்மனிக்குள்ளால் போய்வரும். இங்கே இருக்கிற நாங்கள் அதை நினைப்பதுகூட இல்லை. வெயில் முகத்தில் அடிக்க நான் கண்ணயர்ந்துவிட்டேன். யாரோ தோளைப் பிடித்து உலுப்பினார்கள்.

"கலா, எழும்பு, எழும்பு! போடர் வந்திட்டுது!"

அண்ணை எழும்பி நின்றார். என் பையும் அவருடைய பையும் ஒரு தோளில், படம் கக்கத்தில், கையில் பாஸ்போட். ஜெர்மனிக்கு நல்வரவு என்று அவருடைய போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. எதிரே இருந்த வெள்ளைக்காரி எங்களைப் பார்த்துக் காலை ஒதுக்கினாள்.

"கெதியா வா பிள்ளை. பிந்தினால் வரிசை நீண்டிடும். பையைத் திறந்து காட்டச் சொல்லுவாங்கள்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஐயோ அண்ணை, இது அந்தக் காலத்து வவுனியாச் சோதனைச்சாவடி இல்லை. இஞ்சை ஒருத்தரும் இறங்கிறேல்லை. ரயில் தன்ரை பாட்டிலை போய் மற்றப் பக்கத்தாலை வரும். இருங்கோ!"

கதவு மூடி, ரயில் நகர்ந்தது. அவர் பைகளோடு அப்படியே இருக்கையில் அமர்ந்தார். "இறங்கி நடக்கத் தேவையில்லையோ?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

அவர் இளகியிருக்கிறார் என்று நினைத்தேன். இதுதான் சமயம் என்று தொடங்கினேன். "எங்கடை ரயிலும் இப்ப அப்பிடித்தானே. மார்கழிக்கு நான் வாறன். கொழும்பிலையிருந்து ரெண்டு பேரும் ரயிலிலை போவம். கிளிநொச்சியிலை இறங்கி, தம்பியைக் கடைசியாக் கண்ட ஆக்களை விசாரிப்பம்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"ஏலாதெண்டால் விடன்."

பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லை! படத்தைப் பிடிச்சால் கை உளையும், ரயில் ஏறினால் ஒத்துவராது. நான் ஒருத்தி விசர்ச்சி மாதிரி அவனைத் தேடித் திரியிறன்!"

"அவன்ரை மேலாலை நான் எப்பிடியடி ரயிலிலை போறது?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

அண்ணை படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். பரந்தன் பக்கம் வரும்போது ஷெல் விழுந்ததாம். அம்மா வேறு ஆட்களோடு முன்னால் போய்விட்டாவாம். "உடனே முடிஞ்சுது. நோவில்லை." பெருமழை, வயலெல்லாம் வெள்ளம். எங்கே குழி வெட்டினாலும் தண்ணீர். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கழற்றப்பட்டு, பழைய ரயில் பாதை வெறும் மண்மேடாய்க் கிடந்ததாம். மேடு அது ஒன்றுதான். அங்கேதான் தம்பியைப் புதைத்தாராம்.

"அம்மாட்டைச் சொன்னால் அவ அந்த இடத்தை விட்டு அசையமாட்டா. அவவும் செத்திருப்பா. சனத்துக்குள்ளை துலைஞ்சிட்டான், முன்னாலை போயிருப்பான், நடவுங்கோ எண்டன். நடந்தா. பிறகு நீ படத்தைத் தூக்கினாய். நான் எந்த வாயாலை சொல்லுறது? புதுப் பாதை போடேக்கை போய் நிண்டன். கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திப்போட்டாங்கள். எலும்பு ஏதும் கண்டீங்களோ எண்டு கேட்கப் பயந்து திரும்பி வந்திட்டன்."

வெள்ளைக்காரி ஏதோ கேட்டாள். என்ன மொழியில் பதில் சொன்னேன் என்று தெரியாது.

நான் அந்த ரயிலில் போயிருக்கிறேன். மகள் கிருசிகாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது, அண்ணை "பஸ்ஸிலை வாங்கோ" என்று கெஞ்ச, "உங்களுக்கென்ன விசரோ" என்று ஏசிவிட்டுப் போனேன். வடை சாப்பிட்டுக்கொண்டு போனேன். கைப்பைக்குள் தம்பியின் படமும் இருந்தது.

"அண்ணை," என்றேன். "இடம் தெரியுமோ?"

"பக்கத்திலை ஒரு மொட்டைப் பனை நிண்டது. ஷெல்லிலை தலை போனது. இப்பவும் நிக்குது." படத்துத் துணியைச் சரிசெய்தார். "உனக்குத் தெரியும் பிள்ளை. நீதானே அதைப் போனிலை படமா வைச்சிருக்கிறாய்."

போனை எடுத்தேன். அந்தப் பயணத்தில் கிருசிகா எடுத்த படம். எத்தனையோ வருசமாய் வாட்ஸ்அப்பில் என் முகமாய் இருப்பது அதுதான். நான் அண்ணையைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவர் கையில் தெரிவதும் அதுதான். ஜன்னலோரத்தில் நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால், வெளியே, தலையில்லாத பனை ஒன்று நிற்கிறது.